நான்கு நான்கு பேராக

ஜாலான் பெண்டஹாரா மளிகைக்கடையின் பின்கட்டில் காய்ந்த மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த கமலவேணியிடம், பூங்காவனம் விடியலில் இறந்துவிட்டதாக பூங்காவனத்தின் புருஷன் தனபாலன் வந்து சொன்னான். ஒப்பாரி பாட வரச் சொல்லிக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அவளே முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

கமலவேணி நாடகக் கொட்டகைகளில் பாடியவள். ரப்பர் ஆலை வேலைநிறுத்தத்தின்போது அவள் பாட்டுக்கே கூட்டம் சேர்ந்தது. அதற்காக ஐந்து வருடம் தடுப்புமுகாமில் வைத்தார்கள். அந்த ஐந்து வருடமும் அவள் மகளுக்குச் சோறு போட்டவள் பூங்காவனம். வெளியே விட்டபோது ஒரு நிபந்தனை போட்டார்கள்: ஐந்து பேருக்கு மேல் கூடிய இடத்தில் அவள் பாடக்கூடாது. மீறினால் மறுபடியும் முகாம். "நான் செத்தா நீதான் பாடணும்" என்று பூங்காவனம் போன வாரம்கூடக் கேட்டிருந்தாள்.

காஜா பேராங்கில் பூங்காவனத்தின் வீடு நிறையப் பெண்கள் இருந்தார்கள். எதிர்க் கோப்பிக்கடையிலிருந்து, கமலவேணியைக் கண்காணிக்கச் சாதாரண உடையிலிருந்த போலீஸ்காரர் கருணாகரன் எழுந்து வந்தார்.

"அக்கா, அஞ்சு பேருக்கு மேல இருந்தா நான் எழுதித்தான் ஆவணும். எனக்கும் புள்ளைங்க இருக்கு."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய், வீட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார்.

பக்கத்து வீட்டு மீனாச்சிதான் யோசனை சொன்னாள். எல்லாரையும் கொல்லைக்கு அனுப்பிவிட்டு, நான்கு நான்கு பேராக உள்ளே விட்டாள்.

"பொணத்தையும் சேத்து எண்ணுவாங்களா?" என்றாள் ஒருத்தி.

"உசிரோட இருக்கறப்பவே அவள யாரு எண்ணுனா?" என்றாள் மீனாச்சி.

கமலவேணி பாடினாள். நால்வர் அழுது எழுந்ததும் அடுத்த நால்வர் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பாடினாள். ஆறாம் முறை குரல் உடைந்தது. மீனாச்சி வெந்நீரில் குலா மலாக்கா வெல்லம் கரைத்துக் கொடுத்தாள்.

பிற்பகலில் பாடையைத் தூக்கினார்கள். கொல்லையிலிருந்த பெண்களெல்லாம் தலைமுடியை அவிழ்த்துவிட்டு வாசலுக்கு ஓடி வந்தார்கள். ஒப்பாரி உச்சிக்குப் போக வேண்டிய நேரம் அது.

"பாலெடுத்த கையிரண்டும்..." என்று கமலவேணி எடுத்தாள்.

கருணாகரன் நாற்காலியை விட்டு எழுந்தார். கமலவேணி நிறுத்தினாள். பாடை தூக்கும்போது மட்டும் பாடுகிற அந்தப் பாட்டின் மிச்ச வரி வேறு யாருக்கும் தெரியவில்லை. பெண்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

தெருமுனையில் சுதந்திர நாளுக்கான மெர்டேக்கா வளைவுக்குத் தென்னங்கீற்று கட்டிக்கொண்டிருந்த இருவர் ஏணியிலிருந்து இறங்கித் தொப்பியைக் கழற்றினார்கள். பாடை வளைவுக்குக் கீழே சத்தமில்லாமல் போயிற்று. வாசல்படிக்கு உள்ளே கமலவேணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அவள் தொண்டை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.