சிறு மேம்பாடுகள்

குடும்ப நீதிமன்றத்துக் குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அக்காவின் கைபேசியை எட்டப் பிடித்துப் பார்த்தார். கள்ள நோட்டு இல்லை என்று தெரிந்துகொண்டவர் போலத் திருப்பித் தந்தார்.

"விசாரணை மே ஆறுன்னு தெளிவா போட்டிருக்கேம்மா. நீங்க வந்தது நேத்து, ஜூன் அஞ்சு."

அக்கா வாங்கிப் பார்த்தாள். மே ஆறுதான். கண் விழித்ததும் முதல் வேலையாக இத்தனை நாளும் அவள் பார்த்துவந்தது ஜூன் ஐந்து. அப்பன் வீட்டில் இருக்கும் மகள் இனி யாரிடம் வளர்வாள் என்று முடிவாகிற நாள். அது அவள் இல்லாமலே நடந்து, தாய்க்கு அக்கறையில்லை என்று தீர்ப்பும் எழுதியாயிற்று. பேச்சுவார்த்தை அற்றுப்போன புருஷன் வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. வருமா என்ன?

பின்னால் நின்ற தம்பி தரையைப் பார்த்தான். விசாரணைத் தேதிகளைக் கைபேசியில் காட்டும் அந்த நீதிமன்ற ஆப்பில் தேதி வேலை முழுக்க அவன் தலையில்தான். நீதிமன்றம் தாளில் அறிவிப்பு அனுப்புவதை நிறுத்தியபோது, அவன் வேலைபார்க்கும் சின்னக் கம்பெனிதான் அந்த ஆப்பைச் செய்துகொடுத்தது. நீதிமன்ற சர்வரிலிருந்து தேதியும் நேரமும் சேர்ந்த டைம்ஸ்டாம்ப் மூச்சுவிடாத எண் கோவையாக வரும். அதை மனுஷர் படிக்கிற தேதியாக்க வேண்டும். சர்வர் மாதத்தை முன்னால் எழுதியது. இவன் நாள்தான் முன்னால் என்று படித்தான். மே இருபத்தைந்து போன்ற தேதிகள் வந்தால், இருபத்தைந்தாம் மாதம் என்று ஒன்று உலகத்தில் இல்லாததால் ஆப் அங்கங்கே முரண்டு பிடித்தது. படிக்க முடியாவிட்டால் இரண்டையும் இடம் மாற்றிப் படி என்று ஒரு வரி சேர்த்து வாயை அடைத்தான். அந்த வரிதான் குடியைக் கெடுத்தது. பரிசோதித்ததெல்லாம் மாதக் கடைசித் தேதிகள். எல்லாம் சரியாக வந்தன. பன்னிரண்டுக்குள் அடங்கிய தேதிகள் மட்டும் தலைகீழாக, கொஞ்சமும் கூச்சமில்லாமல் நின்றன.

நேற்று மதியம் அக்கா இதே ஜன்னலருகில் நின்று போனில் அழுதாள். அவன் அப்போதே கணினி முன் உட்கார்ந்தான். சாயங்காலத்துக்குள் கோளாறைக் கண்டுபிடித்து, திருத்தி, புதிய பதிப்பையும் வெளியிட்டுவிட்டான். நல்ல காரியம் என்று நம்பித்தான் செய்தான். ஊரிலுள்ள கைபேசிகள் எல்லாம் தாமாகவே திருந்திக்கொண்டன. அக்காவுடையதும். பொய்த் தேதி இருந்த ஒரே இடம் அந்தக் கண்ணாடித் திரை. அதையும் அவனே துடைத்துவிட்டான். அதை அவள் படம்பிடித்தும் வைக்கவில்லை. தம்பி செய்த ஆப்பாயிற்றே, யார் சந்தேகப்படுவார்கள்?

காலையில் முதலாளியிடம் போய், பிழை எங்களுடையது என்று ஒரு கடிதம் கேட்டான். முதலாளி அவனை உட்காரவைத்து, காபி வரவழைத்து, குடும்பத்தை எல்லாம் விசாரித்தார். அப்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏம்ப்பா, எந்தக் கடைக்காரனாவது என் தராசு பொய்னு வாசல்ல போர்டு மாட்டுவானா?" என்றார். "உங்க அக்காவுக்கு ஒண்ணு குடுத்தா, நாளைக்கு ஊரே வந்து நிக்கும்."

புதிய பதிப்பில் என்ன மாற்றம் என்று எழுத வேண்டிய இடத்தில், நேற்று அவரே சொல்லச் சொல்ல அவன் எழுதியிருந்தான்: சிறு மேம்பாடுகள் செய்யப்பட்டுள்ளன.

இப்போது ஜன்னலுக்குள் குனிந்து, பழைய பதிப்பு தன்னிடம் இருப்பதாகவும், இன்னொரு கைபேசியில் ஏற்றி ஜூன் ஐந்தை இங்கேயே காட்ட முடியும் என்றும் குமாஸ்தாவிடம் சொன்னான். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஆப் செஞ்சது யாரு, தம்பி?"

"நான்தாங்க."

"இவங்க?"

"எங்க அக்கா."

"அப்ப நீங்க எந்தத் தேதி கேட்டாலும் காட்டுவீங்களே. கம்பெனி சீல் வெச்சு ஏதாவது இருந்தா கொண்டாங்க." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அக்கா ஜன்னலைவிட்டு நகரவில்லை. ஆப்பை மூடினாள். திறந்தாள். மே ஆறு. கைபேசியை அணைத்து, உயிர்ப்பித்து, மறுபடி திறந்தாள்.

"ஒரே ஒரு தடவ பழையபடி காட்டச் சொல்லுடா," என்றாள், சின்னக் குரலில். "நீ சொன்னா கேக்கும்ல?"

 அவள் கட்டைவிரல் திரையை மேலே தள்ளி மூடுவதும் தொட்டுத் திறப்பதுமாக இருந்தது. பின்னால் நின்றவர்கள் கொஞ்ச நேரம் முனகினார்கள். பிறகு வரிசை அவளைச் சுற்றி வளைந்து, ஜன்னலை நோக்கி நகரத் தொடங்கியது.