கிளி படித்த பேச்சு

இப்போது யாருக்கும் எதையும் வெறும் கண்ணால் பார்க்கத் தெரியவில்லை. சாவு வீடானாலும் சரி, ரோட்டில் ரெண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் சரி, போனைத் தூக்கிப் பிடித்தால்தான் அவர்களுக்குக் கண் தெரிகிறது. என் மருமகள் யுவராணியும் அந்தக் கூட்டம்தான்.

போன ஆடியில் என் பெண்டாட்டி மூக்கம்மாளுக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. வாய் ஒரு பக்கம் கோணிப்போனது. கை கால் மெல்ல வரும், பேச்சு மட்டும் பேசப் பேசத்தான் வரும், வாயை மூடிவிட்டால் அப்படியே நின்றுபோகும் என்று தேனி டாக்டர் சொல்லி அனுப்பினார். டாக்டர் சொல்வதில் பாதியை நான் நம்புவதில்லை. இதை நம்பினேன். இதற்கு அவர் மாத்திரை எழுதவில்லை.

ஆனால் பேச அவளுக்கு வெட்கம். நடவுக்குப் போனால் வயக்காட்டையே சிரிக்க வைக்கிறவள், ஆள் வந்தால் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சமயத்தில்தான் மகன் வேல்பாண்டி, மொட்டைத் தென்னையிலிருந்து விழுந்த கிளிக்குஞ்சு ஒன்றைக் கொண்டுவந்தான். எனக்குப் பிடிக்கவில்லை. நாற்பது வருசமாகக் கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் கிளி விரட்டிச் சாப்பிட்டவன் நான். தின்றால்கூடப் போகிறது, கொத்திக் கொத்தித் துப்புகிற சாதி அது. அவளோ கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "தாப்பித்தியா? தாப்பித்தியா?" என்று அதனிடம் பேசினாள். சாப்பிட்டியா என்று கேட்கிறாள். காலையில் நூறு தடவை, சாயங்காலம் நூறு தடவை. கிளியிடம் வெட்கமில்லை.

நாலாம் மாசம் கிளி பேசிவிட்டது. "தாப்பித்தியா?" என்றது. அவள் குரல், அவள் இழுப்பு, அவள் கோணல், எல்லாம் அப்படியே.

யுவராணி விழுந்து விழுந்து சிரித்தாள். "அத்த, அச்சு அசலா உங்களமாதிரியே சொல்லுது!" என்று போனில் பிடித்து, அவளிடமே போட்டுக் காட்டினாள். மூக்கம்மாள் ரெண்டு தடவை கேட்டாள். தன் பேச்சு வெளியே எப்படிக் கேட்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"அதை அழிச்சுரு ஆத்தா. கிளி வளக்குறது பாரஸ்ட்டுக்காரனுக்குத் தெரிஞ்சா கேஸு" என்றேன்.

"வீட்டு குரூப்புலதேன் மாமா போட்டேன்."

"எங்கன போட்டாலும் அழி."

கேஸுக்காக நான் சொல்லவில்லை. அது அவளுக்கும் விளங்கியிருக்கும். முகம் சுருங்கி அழித்தாள்.

அஞ்சு நாள் மூக்கம்மாள் வாயே திறக்கவில்லை. சோறு வேண்டுமென்றால் தட்டைத் தட்டினாள். கிளி மட்டும் "தாப்பித்தியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஆறாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. கிளியின் பேச்சைத் திருத்திவிட்டால் இவளும் பேசிவிடுவாள் என்று ஒரு நினைப்பு. தோட்டத்துக்குப் போகாமல் கூண்டுக்கு முன்னால் குத்தவைத்தேன்.

"சாப்பிட்டியா!" என்றேன். கிளி சிறகை ஒடுக்கிக்கொண்டு மூலைக்குப் போனது.

"சொல்லு! சாப்பிட்டியா!"

கம்பியில் முட்டிப் படபடத்தது. மெதுவாகத்தான் சொல்கிறேன் என்று நினைத்தேன். ஆனால் கிளியைப் பார்த்து வாயைத் திறந்தால் எனக்கு நாலு ஏக்கர் தாண்டிக் கேட்கிற சத்தம்தான் வருகிறது. நாற்பது வருசமாக அதுகளோடு வேறு என்ன பேசியிருக்கிறேன்?

முதுகுக்குப் பின்னால் கால் இழுபடும் சத்தம் கேட்டது.

"அதத்தாதீக" என்றாள் மூக்கம்மாள். "இதென்ன தோத்தமா? தள்ளுங்க."

அதட்டுவதற்கு இது தோட்டமா என்கிறாள். தள்ளினேன். சுவரைப் பிடித்து உட்கார்ந்து, கம்பிக்குள் இடது கை விரலை விட்டாள். "தாப்பித்தியா?" என்றாள். கிளி மூலையை விட்டு வரவில்லை. திரும்பவும் கேட்டாள்.

"இத வச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல" என்றேன்.

"உங்களக் கந்தாத்தேன் அதுக்குப் பயம். அங்கித்துப் போங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். கிளியோடு பேசி மனுசருக்குப் பேச்சு வரும் என்பதை நான் இன்னமும் நம்பவில்லை. தெரு முக்கு வரைக்கும் அவள் கேட்பது காதில் விழுந்தது. பதிலுக்குக் கிளி சத்தம் ஒன்றும் வரவில்லை. அவள் இன்னொரு தடவை கேட்டாள்.