அரைக் குதிரையின் முதல் அடி

பகல் இரண்டரை. வெள்ளவத்தைச் சோதனைச்சாவடியில், கதிர்காமநாதனின் சட்டைப்பையிலிருந்து அந்தக் கடதாசி வெளியே வந்தது.

தமிழ் எழுத்து. சார்ஜன்ட் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"இஸ்ஸதீன்! மே மொகத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

கொன்ஸ்தாபிள் இஸ்ஸதீன் வாசித்தார். வாசிக்க வாசிக்கக் குரல் இறங்கியது.

"நாலு மணிக்கு வெட்டு. ஆக்கள் பதினாலு பேர். அரைக் குதிரை. முதல் அடி மூன்று மடங்கு. ஆயிரம் என்றால் நம்ப வேண்டாம். தொடர்ந்து தாங்குமா என்று கேட்கவும்."

சிங்களத்தில் அது இன்னும் பயங்கரமாக ஒலித்தது. துப்பாக்கிகள் நிமிர்ந்தன.

"மாத்தயா, குதிர எங்க ஈக்கி?" என்று கேட்டார் இஸ்ஸதீன்.

"வீட்டில. கீழ்மாடியில பூட்டி வச்சிருக்கு."

"மத்தப் பாதி?"

"ஐயோ தம்பி, அது அரைக் குதிரைவலுத் தண்ணி மோட்டர்!"

கதிர்காமநாதன் மூச்சுவிடாமல் கொட்டினார். தொண்ணூற்றாறாம் ஆண்டு மின்வெட்டு. அவர் வீடு நாலாம் மாடி. குழாயில் தண்ணீர் வருவதும் நாலு மணிக்கு, கரண்ட் போவதும் நாலு மணிக்கு. ஐந்து மணிக்கு மகளைப் பெண் பார்க்கப் பதினாலு பேர் வருகிறார்கள். கக்கூஸ் ஒன்று. போன சம்பந்தம் தண்ணீர் இல்லாமல்தான் முறிந்தது. கரண்ட் இல்லாதபோது பற்றரியில் மோட்டரை ஓட்ட இன்வேட்டர் வாங்கப் போகிறவருக்கு, பக்கத்து வீட்டு என்ஜினியர் எழுதிக் கொடுத்த குறிப்பு அது.

"மோட்டர் ஓடேக்க முந்நூற்றி எழுபத்தைஞ்சு வாட்ஸ். ஆனா தொடங்கேக்க மூண்டு மடங்கு இழுக்கும். அதுதான் முதல் அடி. பெட்டியில போட்டிருக்கிற ஆயிரம் ரெண்டு செக்கனுக்குத்தான். தொடர்ந்து தாங்குறது அதில பாதி."

இஸ்ஸதீன் மொழிபெயர்த்து முடித்ததும் சார்ஜன்டின் முகம் கறுத்தது. ஜீப்பில் ஒரு புது இன்வேட்டர் பெட்டி இருந்தது. காலையில்தான் நுகேகொடையில் தன் வீட்டுக்கென்று வாங்கியது. மேலே கொட்டை எழுத்தில்: 1000.

"பொய் சொல்லுறீங்களாம்," என்றார் இஸ்ஸதீன். "குதிரையக் காட்டட்டாம்."

கடைக்குப் போகவேண்டியவர் ஜீப்பில் வீடு திரும்பினார். விசாரணைக்கு எட்டுப் பொலிஸ்காரர்கள். நாலு மணி. கரண்ட் போனது. சார்ஜன்ட் தன் இன்வேட்டரை ஜீப் பற்றரியிலும் மோட்டரிலும் கொழுவி, சுவிட்சைத் தட்டினார்.

'கீ' என்று ஒரு அலறல். புகை. முந்நூற்று எழுபத்தைந்துக்கு முன்னால் ஆயிரம் செத்துக் கிடந்தது.

"முதல் அடி," என்றார் கதிர்காமநாதன் மெதுவாக.

சார்ஜன்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாலு மாடி ஏறினார். அதிர்ச்சி அப்படி. கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். இரண்டு நிமிடத்தில் உள்ளேயிருந்து கேட்டது:

"வத்துர நே!"

தண்ணீர் இல்லை என்பதை இப்போது அரசாங்கமே உணர்ந்தது. வயர்லெஸ் கத்தியது. கால் மணியில் ஒழுங்கைக்குள் தண்ணீர் பவுசர்.

ஐந்து மணிக்கு மாப்பிள்ளையின் தகப்பன் இரத்தினசிங்கம் பதின்மூன்று பேருடன் வந்து அண்ணாந்து பார்த்தார். படி நெடுக எட்டுப் பொலிஸ்காரர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவர் தேத்தண்ணி வரும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"எங்களுக்குப் பூரண சம்மதம். உங்களுக்குக் கொழும்பில இவ்வளவு பவர் இருக்கெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே!"

கதிர்காமநாதனின் மனைவி பாலேஸ்வரி வாயைத் திறக்கவேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். அவருக்குப் பொய் வராது.

"முதல் அடிக்குத்தான் அண்ணை. தொடர்ந்து தாங்காது."