செர்ரிச் சனிக்கிழமைக்கு முன்

"உழுதீங்களா?"

"உழாம எப்படி? மேலாக்கத் தூவிட்டா குருவி பொறுக்கிட்டுப் போயிரும். பக்கத்து ஊர்ல இருந்து டிராக்டர் வரவழைச்சு, நல்லாப் பொரட்டி, பரம்படிச்சு, அப்புறம்தான் விதைச்சேன். அரைகுறையா எதையும் செய்ய மாட்டேன் டாக்டரம்மா."

"மொத்தமுமா?"

"இந்த வேலியில இருந்து அந்த வேலி வரைக்கும்."

மனோல் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். பரிசைக் கொடுத்துவிட்டு, வாங்கியவர் பொட்டலத்தைப் பிரிக்கக் காத்திருக்கிறவரின் முகம் அவருக்கு. நான் வேலிக் கம்பைப் பிடித்தபடி அவருடைய புல்வெளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் காரிலிருந்து அளவுகோல்களையும் துணிப்பைகளையும் இறக்கிக்கொண்டிருந்த என் உதவியாளன் சப்ரியான் விசிலடிப்பதை நிறுத்திவிட்டான்.

புல்வெளி அழகாக இருந்தது, அதில் பொய் சொல்ல முடியாது. இடுப்பளவு உயரம், சரிவு முழுக்க ஒரே பச்சை. எல்லாக் கதிர்களும் ஒன்றாகப் பூத்து, ஒரே பக்கம் சாய்ந்து, ஒன்றாக நிமிர்ந்தன. கடையில் மூட்டையாக விற்கும் விதை அப்படித்தான் வளரும். அதை அப்படி வளரச் செய்வதற்கென்றே சிலர் சம்பளம் வாங்குகிறார்கள்.

இதற்கு முன் இங்கே நின்ற புல் வேறு. முள்ளெலித்தலை என்று எங்கள் பக்கம் சொல்வோம். சுருண்டு படுத்த முள்ளெலிகளைத் தண்டில் கோத்ததுபோல இருக்கும் கதிர். சாலையோரம் எங்கும் முளைக்கிற புல்தான். ஆனால் இந்தச் சரிவில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு செடிகள்கூட ஒன்றுபோல இருக்காது. ஒன்று மலையுச்சியில் பனி இருக்கும்போதே பூக்கும், ஒன்று ஜூனுக்குக் காத்திருக்கும். ஒன்று தரையோடு படுத்திருக்கும், ஒன்று என் தோள்வரை எழும்பும். கீழே சமவெளியில் எல்லாம் வைக்கோலாகிப்போன கோடைகளில், இங்கே சில செடிகள் மட்டும் பச்சையாகவே நின்றன. அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தேடுவதுதான் என் வேலை. அந்தத் தேடலில் தலை நரைத்துவிட்டது.

இந்த வேலையில் எனக்கு முன்னால் இருந்தவர் இங்கிருந்து எடுத்துப்போன விதை எங்கள் விதை வங்கியின் குளிரறையில் இருந்தது. சென்ற குளிர்காலத்தில் அதிலிருந்து கொஞ்சம் எடுத்து ஈரத்தாளில் பரப்பிப் பார்த்தோம். தாள் காய்ந்ததும் நனைத்து, மறுபடி காய்ந்ததும் மறுபடி நனைத்து, கடைசியில் தூக்கிப் போட்டோம். ஒன்றும் முளைக்கவில்லை. விதை செத்துப்போயிருந்தது. பரவாயில்லை, மனோலின் சரிவு இருக்கிறது என்றுதான் நினைத்தேன். இப்போது செடிகளை அடையாளம் கட்டிவிட்டுப் போய், விதை முற்றியதும் வந்து அறுத்துக்கொள்ளலாம் என்று ப்ளோவ்திவிலிருந்து கிளம்பி வந்திருந்தோம்.

"ஏன், நல்லா வரலையா?" என்றார் மனோல்.

"வந்திருக்கு, அண்ணே."

"டென்மார்க் விதை. மூட்டைமேல மாட்டுப் படம் போட்டிருந்துச்சு. இருக்கறதிலேயே இதுதான் ஒசத்தின்னான் கடைக்காரன். இதுலயும் முள்ளெலித்தலை இருக்கான்னு கேட்டுத்தான் வாங்கினேன்."

"எனக்குப் பழைய புல்லுதான் வேணும்."

"அந்தச் சோப்ளாங்கிப் புல்லா?" அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் சப்ரியானைப் பார்த்தார். அவனும் சிரிக்கவில்லை. "அது பாதி நிக்கும், பாதி படுக்கும். போன தடவை நீங்க வந்தப்போ எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? ஒவ்வொரு செடியா மண்டி போட்டு அளந்துக்கிட்டுப் போனீங்க. முழு நாளும். படிச்ச அம்மா, அவ்வளவு தூரத்துல இருந்து வந்து, என் நிலத்துல நாலு நல்ல கதிர் கிடைக்காம அலையறாங்களேன்னு கூசிப்போச்சு. திரும்ப வருவேன்னு வேற சொல்லிட்டுப் போனீங்க. விருந்தாளி வர்றாங்கன்னு தெரிஞ்சும் மேசையைக் காலியாவா வச்சிருப்பாங்க?"

"மேசையை நிரப்பினது சரி அண்ணே, வீட்டையே இடிச்சுட்டீங்களே" என்றான் சப்ரியான்.

"சும்மா இரு" என்றேன்.

எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. வேலியோரம் இருந்த கல்லில் உட்கார்ந்தேன். உழாமல் ஒரு ஓரம் விட்டிருந்தால்கூடப் போதும், பழைய வேர்களைத் தோண்டிக்கொண்டு போயிருப்பேன். வேலியடியையும் குனிந்து பார்த்தாயிற்று. அங்கேயும் இவர் மண்வெட்டி போட்டுக் கொத்தியிருந்தார். அரைகுறையாக எதையும் செய்யாத மனிதர்.

சப்ரியான் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தான். ஆறிப்போயிருந்தது. துணிப்பைகளை மறுபடியும் காருக்குள் வைத்தான், ஒவ்வொன்றாக, சத்தமே வராமல். சாவு வீட்டில் நாற்காலி மடக்குகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

"தப்புப் பண்ணிட்டேனா?" என்றார் மனோல்.

"நல்லதுக்குத்தானே பண்ணினீங்க."

"நான் அதைக் கேக்கலையே."

அவர் கொஞ்ச நேரம் தன் புல்லைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்லறைத் தோட்டம் வரை காரில் கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டார். முழங்கால் ஏற மறுக்கிறதாம். நாளை மறுநாள் செர்ரிச் சனிக்கிழமை, அங்கே புல்லை இன்றைக்கே வெட்டி முடித்தாக வேண்டும். பட்டணங்களுக்குப் போய்விட்ட ஊர் முழுவதும் அன்றைக்கு வேகவைத்த கோதுமையும் முதல் செர்ரியும் எடுத்துக்கொண்டு இறந்தவர்களைப் பார்க்கவும், கொண்டுவந்ததை ஒருவர் கையில் ஒருவர் கொடுக்கவும் வந்துவிடும். புல் வெட்ட ஊரில் மீதியிருப்பது இவர் ஒருவர்தான்.

நீளப்பிடி அரிவாளைச் சாக்கில் சுற்றி, முன் கண்ணாடியிலிருந்து பின் கண்ணாடி வரை காருக்குள் நீளவாக்கில் வைத்தோம். பிடி என் காதோரம் இருந்தது.

"இந்த வருஷம் இவெலினா வர்றா" என்றார் வழியில். "என் மக. வாலென்சியாவுல இருந்து. அவ அம்மா செவ்தா செத்தப்போ வர முடியல. பச்சைக் குழந்தை கையில. அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒண்ணு. செவ்தாவோட கல்லை அவ இன்னும் நேர்ல பாக்கவே இல்ல."

"கண் நிறையப் பாக்கட்டும்" என்றான் சப்ரியான்.

"போன்ல கேட்டுக்கிட்டே இருக்கா, அப்பா, சுத்தமா வச்சிருக்கியா, அம்மாவை அநாதை மாதிரி விட்டுட்டியான்னு. அடுத்த வருஷம் பளிங்கு போட்டு மூடிரலாம்ங்கறா. நான்தான், முதல்ல வா, வந்து பாருன்னேன்."

கல்லறைத் தோட்டம் மலை முதுகுக்கு அந்தப் பக்கம். நடுவில் அடர்ந்த பைன் காடு. கேட்டருகே மின்கா அத்தை குந்தி உட்கார்ந்து, தன் கணவரின் கல்லைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டாரு மகராசன், அதுவும் கார்ல" என்றாள் மனோலைப் பார்த்து. "புல்லு வெட்ட வந்தியா, இல்ல பொண்ணு பாக்க வந்தியா?"

"உன்னைப் பாக்கத்தான். இன்னும் வெளியிலதான் இருக்கியா, இல்ல உள்ள போயிட்டியான்னு."

"நான் உள்ள போனா எனக்கு நீ வெட்ட வேண்டாம்ப்பா. எல்லாம் சிமெண்டு போட்டு வச்சாச்சு, என் பேரையும் செதுக்கியாச்சு. தேதி மட்டும்தான் பாக்கி." பிரஷால் மூலையைக் காட்டினாள். "அதோ பாரு, கிராம்மெனா தலைமேல முள்ளு. பையன் சோஃபியாவுல மாடி வீடு கட்டியிருக்கானாம். பெத்தவ முள்ளுக்குள்ள கிடக்கா. போன வருஷம் வந்து நின்னான்ல, ஒருத்தர்கூட அவன் கையில ஒரு செர்ரி குடுக்கல. நான் உள்பட. பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு, கோதுமைப் பாத்திரத்தை மூடினபடியே தூக்கிட்டுப் போனான்."

மனோல் அரிவாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேலே நடந்தார்.

கீழ் வரிசைகள் எல்லாம் சிமெண்டும் கருங்கல்லும். இடுக்குகளில் மட்டும் ஏதோ களை. யாரும் வராத கல்லறைகளில் முள்ளும் காட்டு ரோஜாவும் மண்டிக் கிடந்தன. ஆள் வந்து வெட்டுகிற மண்ணில்தான் புல் நிற்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. இருந்தும் மேல் வரிசைக்கு வந்து சேரும்வரை நான் எதையும் நினைக்கவில்லை. கால் வலித்தது, தண்ணீர்க் குழாய் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.

மேல் வரிசை முழுவதும் மனோலின் குடும்பம். அவருடைய அப்பா, அம்மா, அண்ணன்கள், பெரியப்பாக்கள், பேர் அழிந்துபோன பழைய சிலுவைகள். கடைசியில் செவ்தா. ஒன்றின்மேலும் சிமெண்டு இல்லை. நீளமாக, காட்டின் விளிம்புவரை, வெறும் மண்ணும் புல்லும்.

நான் குனிந்தேன்.

ஒரு கதிர் ஊதாவாக இருந்தது. அதை ஒட்டியே இன்னொன்று வெளிர்பச்சை. ஒன்று பூத்து உதிர ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் நின்றது இன்னும் உறைக்குள்ளேயே இருந்தது. செவ்தாவின் கல்லடியில் தரையோடு பரவிய ஒரு செடி, அதன் இலையைப் புரட்டினேன், ஓரம் நீலம் பாய்ந்து தடித்திருந்தது. கோடையில் காயாதவற்றின் இலை. மண்டியிட்டேன். அடுத்த செடி, அதற்கடுத்தது. ஒன்றுபோல ஒன்று இல்லை.

"அக்கா" என்றான் சப்ரியான் மெதுவாக. அவனும் பார்த்துவிட்டான்.

இங்கே யாரும் எதையும் விதைத்ததில்லை. ஒவ்வொரு வருடமும் செர்ரிச் சனிக்கிழமைக்கு முன் வெட்டி விடுவார்கள், அதனால் ஒருபோதும் விதை முற்றியதில்லை. வேரிலிருந்து மட்டும் திரும்பத் திரும்பத் துளிர்த்து, பழைய செடிகளே நின்றுகொண்டிருந்தன. டென்மார்க் புல்லின் மகரந்தம் மலையையும் காட்டையும் தாண்டி இங்கே வந்து அதிகம் கலந்திருக்காது. அடுத்த வருடம் இதன்மேல் பளிங்கு.

"தோண்டி எடுத்துட்டுப் போயிரலாமா?" சப்ரியான் என் காதருகே கேட்டான். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. அவன் அம்மாவும் என் அம்மாவும் இப்படி ஒரு தோட்டத்தில்தான் கிடக்கிறார்கள். கல்லறையிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணைக்கூட யாரும் வெளியே கொண்டுபோவதில்லை, செருப்பில் ஒட்டியதைக்கூடக் கேட்டருகே தட்டிவிட்டுத்தான் போவோம். அவன் கேட்டுவிட்டு, வேண்டாம் என்று தானே தலையை ஆட்டிக்கொண்டான்.

மனோல் சட்டையைக் கழற்றிச் சிலுவையொன்றில் மாட்டினார். அரிவாளைத் தலைகீழாக நிறுத்தி, இடுப்பிலிருந்த சாணைக்கல்லை எடுத்துத் தீட்டத் தொடங்கினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம். நான் மண்டியிட்டிருப்பதைப் பார்த்ததும் கை நின்றது.

"என்ன டாக்டரம்மா, கும்பிடறீங்களா?"

"இல்ல."

"அப்ப?"

"இதுதான் அண்ணே. உங்க பழைய புல்லு."

அவர் அருகே வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். கதிர் ஒன்றை விரல்களுக்கிடையே உருட்டினார். முகம் தெளிந்தது. வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"அட, அப்ப தொலையலையா? அவ்வளவுதானே! எடுத்துக்கங்க, எவ்வளவு வேணுமோ எடுத்துக்கங்க. இப்பவே வெட்டித் தர்றேன், கட்டு கட்டாக் கட்டி கார்ல போட்டு விடறேன். மனசுல கல்லை வச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு."

"இப்ப வெட்டினா விதை இருக்காது. இன்னும் பால்கூடப் பிடிக்கல."

"எப்பப் பிடிக்கும்?"

"முத்தறதுக்கு ஜூலை பாதி ஆயிரும்."

அவர் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் அவர் இல்லை. கீழே பார்த்தார். மின்கா அத்தை தேய்ப்பதை நிறுத்திவிட்டு, கையால் வெயிலை மறைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செவ்தாவின் கல்லைப் பார்த்தார். புல் அதன் எழுத்துகள்வரை ஏறியிருந்தது. அவள் பேரின் பாதி மறைந்திருந்தது.

ஒன்றிரண்டு கல்லறைகளை விட்டால் போதாதா என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். போதாது. நாலு செடியின் விதையில் அந்தச் சரிவின் வகைகள் எல்லாம் அடங்காது. இந்த வரிசை முழுவதும் வேண்டும், காட்டு விளிம்புவரை. செவ்தா வேண்டும், எல்லாவற்றையும்விட அவள் கல்லடியில் நின்ற அந்தச் செடி வேண்டும். பேசாமல் எழுந்து போய்விடலாம் என்றும் இருந்தது. காரில் ஏறி, இருக்கையைச் சாய்த்து, ப்ளோவ்திவ் வரை கண்ணை மூடிக்கொண்டு போய்விடலாம். புல் அழிந்துவிட்டது என்று எழுதினால் யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கப்போவதில்லை. எத்தனையோ ஊர்களைப் பற்றி அப்படி எழுதியாயிற்று.

மனோல் சாணைக்கல்லை மறுபடி எடுத்தார். தீட்டவில்லை, கையில் வைத்திருந்தார்.

நான் எழுந்து நின்றேன். முழங்காலில் மண் ஒட்டியிருந்தது, அதைத் தட்டவில்லை.

"மனோல் அண்ணே" என்றேன். "இந்த ஒரு வரிசையை விட்டுருங்க. உங்க அப்பா அம்மா, அண்ணன்மாரு, செவ்தா அக்கா, எல்லாரையும். விதை முத்தி நான் வந்து அறுக்கற வரைக்கும் அரிவாள் வைக்காதீங்க. நாளன்னைக்கு ஊரே வந்து பாக்கும், தெரியும். உங்க மக வந்து நிப்பா, அதுவும் தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன். விட்டுருவீங்களா?"