நீல டப்பா

அச்சகத்து மெஷின்காரர் மாத்திரை விழுங்கினால் அவர் மனைவிக்குச் சர்க்கரை இறங்கும். மனைவி விழுங்கினால் அவருக்கு இரத்தக்கொதிப்பு அடங்கும். தனக்கென்று விழுங்கியது இருவருக்குமே வேலை செய்யவில்லை. அவர் ஓய்வுபெற்ற வருடம் நடந்த ஒரு தவறில் இது தெரியவந்தது. ஞாயிறுதோறும் ஏழு அறை வைத்த இரண்டு நீல டப்பாக்களில் மாத்திரை பிரித்துப் போடுவது அவர் வேலை. நாற்பது வருடத்தில் ஒரு தாளைக்கூடக் கோணலாக விட்டதில்லை என்று பீற்றிக்கொள்ளும் மனிதர், அந்த ஞாயிறு மாற்றிப் போட்டுவிட்டார். வாரக் கடைசியில் இருவருக்கும் அளவு கச்சிதமாக இருந்தது. தவறைத் திருத்திய வாரம் இருவரும் படுத்துவிட்டார்கள். டாக்டர் சீட்டில் 'மாற்றிச் சாப்பிடவும்' என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பதினோரு வருடம் அப்படியே ஓடியது. பேச்சுவார்த்தை இல்லாத நாட்களிலும் அந்த அம்மாள் மாத்திரையைத் தவறவிட்டதில்லை. “கோவம் கோவமாவே இருக்கட்டும், அதுக்காக உங்கள சாக விட்டுருவேனா?” என்று மடக்கென்று விழுங்குவார்.

பிறகு அந்த அம்மாளுக்கு மறதி வந்தது. முதலில் கண்ணாடியை மறந்தார், அப்புறம் அடுப்பை, கடைசியில் கணவரை.

“நீங்க யாருன்னே தெரியல. உங்களுக்காக நான் ஏன் முழுங்கணும்?”

மகள் கெஞ்சினாள், அதட்டினாள், சாப்பாட்டில் பொடித்துக் கலந்தாள். எல்லாவற்றையும் துப்பினார். மெஷின்காரருக்குக் கொதிப்பு ஏறிக்கொண்டே போனது. அவரோ தன் பங்கை ஒரு வேளைகூட விடவில்லை.

“அம்மாதான் முழுங்கலையே, நீங்க மட்டும் ஏம்பா?”

“மறதி அவளுக்குத்தானேம்மா. எனக்கு இல்லையே.”

ஒரு வியாழக்கிழமை, அன்றைய அறையைக் காலி செய்த பிறகு இறந்தார். வெள்ளிக்கிழமை அறையும் காலியாயிற்று. சனிக்கிழமையும்தான். மகள் ஞாயிறன்று அப்பாவின் டப்பாவை மறுபடி நிரப்பினாள். மூன்று வருடம் கழித்து ஒரு ஞாயிறு, போதும் என்று தோன்றி, வேண்டுமென்றே நிரப்பாமல் விட்டாள். புதன்கிழமை அம்மா நினைவு தப்பிக் கிடந்தார். தன்னையே திட்டிக்கொண்டு, அழுதபடி நிரப்பினாள். மறுநாள் அம்மா எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

அம்மாவுக்கு இப்போது எண்பத்தாறு. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, இன்னும் பல வருடம் இருப்பார் என்கிறார் டாக்டர். தினமும் காலையில் காலி அறையை விரலால் தடவி, “இது யாரோட டப்பா?” என்று கேட்கிறார். கொஞ்ச காலம் மகள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது டப்பாவை மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறாள்.