ஒன்பது பெயர் கொண்ட நடுக்கம்

திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு ஷோரூம் ஆட்கள் எல்லோரும் ஒரு புதுக்காரைச் சுற்றி நின்றார்கள். மேலாளர் நிறுவனத்தின் வரலாற்றை வாசித்தார். அந்த ஜப்பான் கார் நிறுவனத்துக்கு உலகத்தில் எத்தனை கிளைகளோ, அத்தனையிலும் திங்கட்கிழமை காலை இதே வாசிப்புதான்.

சைக்கிள் மணி செய்துகொண்டிருந்த ஒரு மனிதர், மணி போதாதென்று மூன்று சக்கர வண்டி செய்தார். அதுவும் போதாதென்று கார் செய்தார். முதல் காரை வாங்கிய மருத்துவர், பிரேக் கீச்சிடுகிறது என்று ஒரு துண்டுச்சீட்டு எழுதி அனுப்பினார். அவ்வளவுதான், நிறுவனர் ஒரு கையில் எண்ணெய்க் குப்பியும் மறுகையில் ஸ்பேனருமாகப் பதினெட்டு மைல் பனியில் நடந்தே போனார். மருத்துவர் வீட்டு வாசலில் மூன்று நாள் கிடந்து, கீச்சு நின்ற பிறகுதான் ஊர் திரும்பினார்.

"புகார் என்பது வாடிக்கையாளர் நமக்குச் சொல்லித் தரும் பாடம்" என்று மேலாளர் முடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டிய கை ஆறுமுன் புகார்களை மூடப் போனார்கள்.

மூடுகிறவனுக்குச் சமாதானம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு; இது பட்டறைக்காரர்கள் வைத்தது. பன்னிரண்டு வருஷமாகப் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறான். எப்பேர்ப்பட்ட கோபக்காரரையும் மூன்று பத்தியில் உட்காரவைத்துவிடுவான். முதல் பத்தியில் ஆழ்ந்த வருத்தம். இரண்டாவதில் பனியில் நடந்த நிறுவனர். மூன்றாவதில், ‘தாங்கள் குறிப்பிட்டது குறையல்ல, வாகனத்தின் இயல்பு.’ கதவிடுக்கில் மழைத்தண்ணீர் வந்தால் அது மழைக்கால இயல்பு. ஹாரன் தானாக அலறினால் அது வண்டியின் விழிப்பான இயல்பு. நடுரோட்டில் நின்றுபோன ஒரு வண்டிக்கு, ‘ஓய்வை நாடும் இயல்பு’ என்றுகூட ஒருமுறை எழுதப் போனான். பேனா கூசியதால் விட்டுவிட்டான்.

அவனைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். சொல் என்றால் உயிர் அவனுக்கு. அந்தப் பிரியத்தில்தான் தப்பு நடந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் வந்த புது மாடலின் கியர்பாக்ஸில் ஒரு கோளாறு. வண்டி ஊர்ந்து போகும்போதும், சிக்னலில் நின்று கிளம்பும்போதும் ஓர் ஆட்டம் ஆடிக் காட்டும். ஒருவர் ‘நடுங்குகிறது’ என்று எழுதினார். இன்னொருவர் ‘உதறுகிறது’ என்றார். வங்கிக்காரர் ஒருவருக்குக் குலுங்கியது. புதுமணத் தம்பதிக்குத் துள்ளியது. ஒரு டாக்டரின் வண்டி விக்கியது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ‘சிலிர்த்துக்கொள்கிறது’ என்று அழகாக எழுதியிருந்தார். இப்படி ஒன்பது விதம். நடுங்குவதும் துள்ளுவதும் ஒன்றா? ஒன்றாகப் போட்டால் எழுதியவர் மனம் நோகாதா? அவரவர் சொல்லுக்கு மரியாதை கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தலைப்புப் போட்டுக் கணினியில் ஏற்றினான்.

தலைமை அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒரே தலைப்பில் ஒரு வருஷத்துக்குள் ஐம்பது புகார் சேர்ந்தால், கணினி யாரையும் கேட்காமல் ஜப்பானுக்குத் தகவல் அனுப்பிவிடும். அங்கிருந்து இன்ஜினியர் வருவார். குறை உண்மை என்று அவர் கையெழுத்துப் போட்டால், புகார் கொடுத்த வண்டிகள் அத்தனைக்கும் புதுப் பாகம் இலவசமாக வரும். ஒன்பதாகப் பிரிந்து கிடந்ததால் எந்தத் தலைப்பும் ஐம்பதைத் தொடவில்லை.

மேலாளர்தான் அதை முதலில் கவனித்தார். அறைக்குள் கூப்பிட்டபோது திட்டு விழப்போகிறது என்று சமாதானம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். அவரோ தேநீர் வரவழைத்தார். "இப்படியே போகட்டும்ப்பா. உன்ன மாதிரி மொழி தெரிஞ்ச ஆளு எந்தக் கிளையிலயும் இல்ல." அந்த வருஷம் ‘இன்ஜினியர் வராத கிளை’ என்று ஒரு கேடயம் வந்தது. அன்றோடு தப்பு, வேலைமுறை ஆகிவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை, டோக்கன் பதினேழு என்று கூப்பிட்டதும் எழுந்து வந்தவள் அவனுடைய அக்கா.

அக்கா கல்யாணங்களுக்கு அடுக்குக் கேக் செய்கிறவள். வீட்டு முன்னறைதான் கடை. அத்தான் பெட்டி மடிப்பார், ரிப்பன் கட்டுவார். கேக்கைக் கொண்டுபோக வாங்கிய கார் அந்தப் புது மாடல்தான்; இவன் பேச்சைக் கேட்டு வாங்கியது. "எங்க கம்பெனி வண்டிக்கா, கண்ண மூடிக்கிட்டு வாங்கு" என்றான். வாங்கும்போது மூடினாள். ஓட்டும்போது திறக்க வேண்டியிருந்ததே!

"வணக்கம் சார்" என்றாள்.

"அக்கா, என்னக்கா இது, சார் மோர்னுகிட்டு..."

"தம்பிங்கறது வீட்டுல. வீட்டுல சொல்லி எட்டு மாசம் ஆச்சு. பாக்கலாங்கா, பாக்கலாங்கான்னு அவன் இன்னும் பாத்துக்கிட்டே இருக்கான். அதான் சாரைப் பாக்க வந்தேன்."

கையிலிருந்த பெட்டியை மேசைமேல் வைத்துத் திறந்தாள். "இதுல எத்தன அடுக்குன்னு எண்ணுங்க சார்."

அவன் குனிந்து பார்த்தான். "ரெண்டு?"

"மூணு. ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிருச்சு."

வரிசையில் பின்னால் நின்ற டாக்சிக்காரர் எட்டிப் பார்த்தார். "எனக்குக் கேக் இல்லம்மா, முதுகெலும்புதான். அதுவும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிருச்சு."

அக்கா பையிலிருந்து நான்கு கடிதங்களை எடுத்து வரிசையாகப் பரப்பினாள். "நாலு தடவ எழுதிப் போட்டேன். நாலு பதில். கீழ உங்க கையெழுத்து. கூடப் பொறந்தவளுக்கு ‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு’! படிச்சிட்டு உங்க அத்தான் ரெண்டு நாள் சிரிச்சாரு."

"எல்லாருக்கும் அதே கடிதம்தாங்கா. உனக்குன்னு தனியா..."

"அந்தப் பெரியவர் பதினெட்டு மைல் நடந்தாராம், பனியில. நீ ரெண்டு தெரு தள்ளி இருக்க. ஒரு நாள் வந்து இந்த வண்டியில உக்காந்து பாத்தியாடா?"

‘சார்’ போய் ‘டா’ வந்ததில் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதிதான். ஆனால் அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

"வெள்ளிக்கிழமையோட வாரன்டி முடியுது. சனிக்கிழமை நாலு அடுக்கு. இதுவும் சாஞ்சு வந்தா வேற ஆளப் பாத்துக்கறேன்னு மண்டபக்காரர் சொல்லிட்டாரு. என் ஆர்டர்ல முக்கால்வாசி அந்த மண்டபத்துலதான். அது போச்சுன்னா அடுப்ப அணைச்சிட்டு நானும் பெட்டி மடிக்க வேண்டியதுதான்."

"சரிக்கா, புகாரப் பதிஞ்சுக்கறேன்." பன்னிரண்டு வருஷப் பழக்கம், விரல் தானாக விசைப்பலகைக்குப் போயிற்று. "வண்டி என்ன பண்ணுது? நடுங்குதா, உதறுதா, இல்ல துள்ளுதா?"

அக்கா நான்கு கடிதங்களையும் மடித்துப் பையில் போட்டாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"எந்தச் சொல்லச் சொன்னா சரி பண்ணுவீங்க? அதையே எழுதிக்கோ."

பன்னிரண்டு வருஷத்தில் அவனிடம் யாரும் கேட்காத கேள்வி அது. எழுந்து மேலாளர் அறைக்குப் போனான்.

"உங்க அக்காவா? முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா!" என்று மேலாளர் பதறினார். அலமாரியைத் திறந்து காருக்குள் விரிக்கிற நான்கு மிதியடிகளை எடுத்துக் கொடுத்தார். "நல்லெண்ண அன்பளிப்பு. எல்லாருக்கும் கொடுக்கறதில்ல."

"சார், கியர்பாக்ஸ் பாகம் ஒண்ணு மட்டும்..."

"பாகம் ஜப்பான் ஒத்துக்கிட்டாதானேப்பா வரும்? ஒத்துக்கணும்னா ஐம்பது வேணும். ஐம்பது வந்தா இன்ஜினியர் வருவாரு. இன்ஜினியர் வந்தா கேடயம் போயிரும்." சுவரில் இருந்த கேடயத்தைப் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஒண்ணு பண்ணு. பத்தாவதா ஒரு தலைப்புப் போடு. ‘கேக் சாய்தல்’னு. ஒரே ஒரு புகார்தான் இருக்கும். யாரும் கண்டுக்க மாட்டாங்க."

மிதியடிகளோடு திரும்பி வந்தவனை அக்கா ஏற இறங்கப் பார்த்தாள். "இது எதுக்கு? கொட்டுற கிரீமத் தொடைக்கவா?" பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

டாக்சிக்காரர் நாற்காலியை இழுத்தார். "என்னோடத எழுதிக்கறீங்களா சார்?"

"அஞ்சு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு, சமாதானம் அவள் பின்னாலேயே ஓடினான். வண்டி வாசலைத் தாண்டுவதற்குள் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். அக்கா கேக் பெட்டியைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

முதல் சிக்னலில் நின்று கிளம்பியதும் வண்டி தன் வேலையைக் காட்டியது. அவன் பல்லோடு பல் மோதியது. மூக்குக்கண்ணாடி நழுவி உதட்டுக்கு வந்தது. மடியில் இரண்டாக இருந்த கேக் ஒன்றாயிற்று. ஒன்பது சொல்லில் இது எது என்று அவன் மனம் பழக்கதோஷத்தில் தேடியது. நடுக்கமா? ஆமாம். துள்ளலா? அதுவும்தான். அந்த ஆசிரியையின் சிலிர்ப்புகூடக் கடைசியில் லேசாக வந்துபோயிற்று. முந்நூறு பேரும் ஒரே வண்டியைத்தான் எழுதியிருக்கிறார்கள். அதை ஒன்பது வண்டியாக்கியவன் இவன்.

"நிறுத்துக்கா. எறங்கிக்கறேன்."

"பயந்துட்டியா?"

"வேல இருக்கு."

மேசைக்குத் திரும்பி, டாக்சிக்காரரின் முதுகெலும்பையும் அக்காவின் கேக்கையும் பதிந்தான். பிறகு ஒன்பது தலைப்பிலும் இருந்த புகார்களைத் திரட்டி, ஒரே தலைப்பின் கீழ் கொட்டினான். ஒரே வண்டிக்குப் பலமுறை வந்ததை ஒன்றாக எண்ணியும் மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு வண்டி. தலைப்பு என்ன வைப்பது என்று இந்தத் தடவை அவன் யோசிக்கவில்லை. ‘கியர்பாக்ஸ் கோளாறு’ என்று அடித்தான். உறுதிதானா என்று கணினி மரியாதையாகக் கேட்டது. உறுதிதான் என்றான்.

மறுநாள் காலையில் ஜப்பானிலிருந்து தந்தி வேகத்தில் பதில் வந்தது. மேலாளர் முகம் வெளுத்து ஓடி வந்தார். "சமாதானம், என்னப்பா பண்ணின?"

"புதுசா ஒண்ணும் பண்ணல சார். கூட்டினேன்."

வெள்ளிக்கிழமை காலை இன்ஜினியர் வந்து இறங்கினார். மெலிந்த இளைஞர்; வாசல் காவலருக்கும் குனிந்து வணக்கம் சொன்னார். கடைசியாகப் பதிந்த வண்டியில் சோதனை என்றார். அக்கா ஓட்ட, பக்கத்தில் இன்ஜினியர். பின்னால் மேலாளரும் சமாதானமும். வண்டியைப் பார்க்க வேண்டுமே! டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் பறந்துபோன பிள்ளை மாதிரி, வெண்ணெயில் கத்தி போகிறாற்போலப் போயிற்று. நான்கு சிக்னல், ஒரு பாலம், ஒரு சந்தை. ஒரு சின்ன இருமல்கூட இல்லை. மேலாளருக்கு மெல்ல ரத்தம் ஊறியது. சமாதானத்துக்கு வற்றியது. இன்றைக்கு இது ஆடாவிட்டால் அக்காவுக்கு வாரன்டியும் இல்லை, பாகமும் இல்லை. தனக்கு வேலையும் இருக்காது.

"இருங்க" என்றாள் அக்கா. "வெறும் வண்டியா போனா இது ரொம்ப நல்ல பிள்ள." வீட்டு வாசலில் நிறுத்தி, உள்ளே போய் ஒரு மாதிரிக் கேக்கை எடுத்து வந்து இன்ஜினியர் மடியில் வைத்தாள். அவர் அதற்கும் குனிந்து நன்றி சொன்னார். தின்னக் கொடுத்தது என்று நினைத்தார் போலிருக்கிறது.

இந்தத் தடவை அக்கா பெரிய சாலையை விட்டுவிட்டு, தினமும் மண்டபத்துக்குப் போகிற ஏற்றத்தில் வண்டியை விட்டாள். முன்னால் ஒரு லாரி ஊர்ந்தது. அதன் பின்னால் நின்று, கிளம்பி, நின்று, கிளம்பி... மூன்றாவது கிளம்பலில் வண்டி அத்தனை நாள் சேர்த்துவைத்ததை எல்லாம் ஒரே மூச்சில் ஆடித் தீர்த்தது. மேலடுக்கு இன்ஜினியரின் சட்டைப்பைக்குள் போயிற்று.

அவர் இறங்கி, கிரீம் வழிய, அக்காவின் முன் இடுப்பு வளையக் குனிந்தார். நிமிரவே இல்லை. அக்காவே தோளைத் தொட்டு நிமிர்த்த வேண்டியதாயிற்று. பிறகு அவர் ஆங்கிலத்தில் சொன்னதை மேலாளர் சுரத்தில்லாமல் தமிழில் சொன்னார். ஆண்டறிக்கையைப் பார்த்து ஜப்பானில் ஒன்பது சின்னக் குறைகள் என்று நினைத்திருக்கிறார்கள். ஒன்பது மேசையில் ஒன்பது பேர் தனித்தனியாக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். துள்ளலைத் தேடுகிறவருக்கு நடுக்கம்தான் கிடைக்கிறதாம். ‘என்னுடையது இல்லை’ என்று அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுகிறாராம்.

குறை உண்மை என்று அன்று மாலைக்குள் கையெழுத்தாயிற்று. முந்நூற்றுப் பன்னிரண்டு வண்டிக்கும் பாகம் கப்பலில் வரும். ஆறு வாரம் ஆகும். கேடயம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் மிஞ்சியது. சமாதானத்தை வேலையை விட்டு அனுப்பத்தான் மேலாளருக்கு ஆசை. ஆனால் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் மன்னிப்புக் கடிதம் எழுத அந்தக் கிளையில் வேறு ஆள் ஏது?

"ஆறு வாரமா?" என்றாள் அக்கா. "நாளைக்கு என்னடா பண்றது?"

சனிக்கிழமை காலை சமாதானம் பின்னிருக்கையில் இருந்தான். நான்கு அடுக்குக் கேக் அவன் இரண்டு முழங்காலுக்கும் நடுவில். இரண்டு கையையும் வளைத்து, தொட்டும் தொடாமலும் பிடித்திருந்தான்.

"புடிச்சிருக்கியா?"

"புடிச்சிருக்கேன். நீ பேசாம ஓட்டு."

"லாரி வருது."

"வரட்டும்."

வண்டி ஆடியது. அது இந்தப் பக்கம் போனால் அவன் அந்தப் பக்கம் சாய்ந்தான். அது தூக்கிப் போட்டால் அவன் அமுங்கிக் கொடுத்தான். ஏற்றம் முடிவதற்குள் அவன் தலை இரண்டு முறை கூரையில் இடித்தது. கேக்கின் உச்சியில் இருந்த சர்க்கரைப் பூ அசையவில்லை.

மண்டபக்காரர் பெட்டியைத் திறந்து, விரலை நீட்டி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நம்பாமல் மறுபடியும் எண்ணினார்.

"அடுத்த சனிக்கிழம பெரிய இடத்துக் கல்யாணம். அஞ்சு அடுக்கு முடியுமாம்மா?"

அக்கா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். வண்டி நின்று பத்து நிமிஷமாகியும் அவன் கை இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

"அதுக்கென்ன, முடியும்" என்றாள் அக்கா.