என்ஜினில் இரண்டு எழுத்து

இரண்டாயிரம் ரூபாய் என்று தரகர் நாகநாதன் சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விலை அதிகம் என்பதால் அல்ல, அந்தக் காலத்துக்குமே குறைச்சல் என்பதால். இங்கிலீஷ்காரன் செய்த, இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். மடக்குத் துணிக் கூரை, கம்பிச் சக்கரம். ஐயாயிரம் என்று ஆரம்பித்திருந்தால் நானும் பேசிப் பேசி மூவாயிரத்துக்கு இறக்கிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். எடுத்த எடுப்பிலேயே இரண்டாயிரம் என்கிறவரை எப்படி நம்புவது?

“தானமா வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாது. இது காசு குடுத்து வாங்குறது. நான் பாப்பேன்ணே” என்றேன்.

“பாரு வீரணா, நல்லாப் பாரு. பல்லை என்ன, வாலையும் தூக்கிப் பாரு” என்றார் நாகநாதன்.

காரைக்குடியில் ஒரு பஸ் கம்பெனிப் பட்டறையில் பதினான்கு வருஷமாக ஃபிட்டர் நான். மூன்று வருஷம் முன்பு பஸ் சேஸிஸ் எடுக்க மெட்ராஸ் போனபோது சோழவரத்தில் கார் பந்தயம் பார்த்தேன். பழைய விமான ஓடுபாதையில் பெரிய வீட்டுப் பிள்ளைகள் சீறிக்கொண்டு போனார்கள். வளைவில் கியரை மாற்றத் தெரியாமல் பாதிப் பேர் திணறினார்கள். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். ஒரு பழைய வண்டி கிடைத்தால் போதும். கண்ணாடியும் பம்பரும் மெத்தையும் கழற்றி எடையைக் குறைப்பேன், பஸ் டிரைவர் சீட்டை வெட்டிப் பொருத்துவேன், என்ஜினை என் கையாலேயே பிரித்துக் கோப்பேன். முப்பத்தாறு வயதாகிவிட்டது. மாசி மாதப் பந்தயத்துக்குப் பேர் கொடுக்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது. இதை விட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை என்றுதான் நினைத்தேன்.

வண்டி ஆத்தங்குடியில் சிகப்பி ஆச்சி வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில் நின்றது. ஆச்சியின் வீட்டுக்காரர் தவறிப் போய் மூன்று வருஷம். அதன்பிறகு வண்டியை யாரும் ஓட்டவில்லை என்றார் நாகநாதன். நான் கேட்டுக்கொண்டேன், நம்பவில்லை. மூன்று வருஷம் சும்மா நின்ற வண்டி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? எலிப் புழுக்கை இருக்கும், சீட்டுக்குள் குளவி கூடு கட்டியிருக்கும். இதிலோ தூசு இல்லை. டயர் தரையில் படாமல் மரக்கட்டை வைத்து நிறுத்தியிருந்தது. பித்தளை ரேடியேட்டர் பூஜைச் சாமான் கணக்காகப் பளபளத்தது. பழைய வண்டி சுத்தமாக இருந்தால் எவனோ எதையோ துடைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

அப்போது மாடி வராந்தாவிலிருந்து ஆச்சி குரல் கொடுத்தார்.

“தம்பி, பந்தய ஓட்டத்துக்கு விடப் போறீகளாமே, மெய்யா?”

“ஆமா ஆச்சி.”

“பிரிச்சுக்கிரிச்சு விக்க மாட்டீகளே?”

“மாட்டேன் ஆச்சி.”

விற்கிற சாமானை வாங்குகிறவன் பிரித்தால் இவருக்கு என்ன வந்தது? பிரித்தால் உள்ளே ஏதோ தெரிந்துவிடும். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

நாகநாதன் காப்பி குடிக்க உள்ளே போனார். நான் பானட்டைத் திறந்தேன். என்ஜின் பக்கவாட்டில், நம்பர் தகட்டுக்குக் கீழே, புள்ளி புள்ளியாக உளியால் கொத்திய இரண்டு எழுத்து: லெ. சி. ரேடியேட்டர் மண்டையில் பார்த்தேன், அங்கும் லெ. சி. ஸ்டீயரிங் தண்டில், கதவின் உள்பக்கத்தில், எங்கும் அதே இரண்டு எழுத்து.

சட்டென்று உறைத்தது. எங்கள் பட்டறையில் இது வழக்கம். டைனமோ, பம்பு, கியர்ப்பெட்டி எல்லாவற்றிலும் கம்பெனிக் குறியைக் கொத்திவிடுவோம், எவனும் களவாண்டு போய் வேறு வண்டியில் மாட்டிவிடக் கூடாது என்று. அப்படியானால் இது வேறு எவன் பட்டறைக் குறியோ. அங்கே திருடின சாமானைச் சேர்த்து ஒரு வண்டி ஆக்கியிருக்கிறார்கள். அதனால்தான் மலிவு, அதனால்தான் பிரிக்காதே என்கிறார்கள். இல்லாவிட்டால் எழுத்துக்கு அடியில் பழைய நம்பர் இருக்கும், அதை மறைக்கத்தான் மேலே கொத்தியிருக்கிறார்கள். பையிலிருந்து அரத்தை எடுத்து, என்ஜினில் இருந்த எழுத்தைப் பரபரவென்று அராவினேன்.

அடியில் ஒன்றும் இல்லை. சுத்த இரும்பு. நாகநாதன் செருப்புச் சத்தம் கேட்டதும் கொஞ்சம் கிரீஸை வழித்து அந்த இடத்தில் அப்பிவிட்டு, நாளைக்குப் பணத்தோடு வருகிறேன் என்று கிளம்பினேன். சந்தேகம் தீர்ந்ததில் ஒரே சந்தோஷம்.

மறுநாள் பணத்தை இடுப்பில் முடிந்துகொண்டு போனேன். ஆச்சி கீழே இறங்கி வந்திருந்தார். கையில் சந்தனக் கிண்ணம்.

“புதுக் கைக்குப் போகுதுல்ல, பேருக்குப் பொட்டு வச்சு அனுப்புறேன்” என்று ரேடியேட்டரில் இருந்த எழுத்தின் மேல் ஒரு பொட்டு வைத்தார். “எங்க அப்பச்சி லெட்சுமணன் செட்டியாரு கொழும்புல இருந்து கொண்டாந்து எனக்குச் சீராக் குடுத்த வண்டி தம்பி. அண்டா, குத்துவிளக்கு, தூக்குச் சட்டி அத்தனையிலயும் பேரு வெட்டச் சொன்னாக. பாத்திரத்துல பேரு வெட்டுறவரு, ‘வண்டியில எப்படி செட்டியாரே’ன்னு முழிச்சாரு. ‘சீர்னா சீர்தான், வெட்டும்யா’ன்னுட்டாக.”

லெட்சுமணன் மகள் சிகப்பி. என் வீட்டுத் தண்ணிக் குடத்தில் என் பெண்டாட்டி பொன்னுத்தாயி பேர் இதே மாதிரிப் புள்ளி எழுத்தில் இருக்கிறது. தினம் அதில்தான் மொண்டு குடிக்கிறேன். இருந்தும் என் மரமண்டைக்கு எட்டவில்லை.

“பழைய சாமான் கடைக்காரன் நாலாயிரம் தாரேன்னான். விளக்கு தனியா, சக்கரம் தனியா விப்பானாம். அப்பச்சி பேரு ஆளுக்கு ஒரு பக்கமாப் போயிரும்ல. பாதி விலைன்னாலும் முழுசா ஓட விடுறவுகளுக்குத்தான்னு நாகநாதன்கிட்டச் சொல்லிட்டேன்.”

ஸ்டீயரிங்குக்கு ஒரு பொட்டு. கதவுக்கு ஒரு பொட்டு. பிறகு பானட்டைத் திறக்கச் சொன்னார். வேறு வழியில்லாமல் திறந்தேன். ஆச்சி முந்தானையால் கிரீஸைத் துடைத்தார். அரம் பட்ட இடம் வெள்ளையாகப் பல்லைக் காட்டியது.

“இதென்ன?”

“அது... முன்னமே அப்படித்தான் இருந்துச்சு ஆச்சி” என்றேன்.

“வெள்ளிக்கு வெள்ளி நான்தான் தொடைக்கிறேன். போன வெள்ளிகூட இருந்துச்சே.” ஆச்சி மெல்லத் திரும்பினார். “நாகநாதா, கொட்டகைச் சாவி ஒங்கிட்டத்தானே இருந்துச்சு?”

நாகநாதன் முகம் வெளுத்துவிட்டது. “எம் புள்ளை மேல சத்தியமா நான் தொடலை ஆச்சி. பதினெட்டு வருஷமா ஒங்க வீட்டுக்கு நடக்குறேன்...” துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

ஆச்சி அவரை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வண்டி எனக்கு, பழி அவருக்கு. வண்டிச் சாவி எனக்கு ஒரு முழ தூரத்தில், சீட்டின் மேல் கிடந்தது. சோழவரம் கண்ணில் வந்தது. சத்தியமாக, அந்த ஒரு நிமிஷம் சும்மாதான் நின்றேன்.

“நான்தான் ஆச்சி. திருட்டு வண்டின்னு நெனச்சு நேத்து அராவிப் பாத்தேன்.”

ஆச்சி கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“மலிவா வந்தா சந்தேகம் வரத்தான் செய்யும், தப்பில்ல. ஆனா நான் மாடியிலதானே நின்னேன் தம்பி? இதென்ன எழுத்துன்னு ஒரு வார்த்தை கேக்குறதுக்கு என்ன?” சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். “வண்டி இல்ல. போய்ட்டு வாங்க.”

நானும் நாகநாதனும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். எனக்கு அழுகை முட்டியது. எனக்காகவா, அந்த அம்மாளுக்காகவா என்று தெரியவில்லை. நாகநாதன் இரண்டு தடவை என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ நல்ல வார்த்தை சொல்லப் போகிறார் என்று நின்றேன்.

அவர் கிட்டத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“கைக்கு வந்த வண்டியை எவனாச்சும் இப்படி விடுவானா? மறைக்காமச் சொல்லு வீரணா. இதைவிட மலிவா வேற எங்குட்டோ ஒனக்கு வண்டி தெகஞ்சிருச்சு. அதானே?”